சங்கத்தின் டீசல் பிக்கப் லாரிக்கு மாற்று டயர் வாங்கும் முறை

கிராமத்தில் விளையும் பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருப்பினும், உரிய வேளையில் சந்தை சேராவிடில் அதனால் விவசாயிக்கு அடையும் பயன் குறைவே. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இவ்வுண்மையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் விடியுமுன் பறிக்கும் மல்லிகை, மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை அடையவேண்டும். காய்கறி வகைகள் பரவை மார்க்கெட்டுக்குக் காலையிலேயே சேரவேண்டும். சோழவந்தானின் வாழையும் தேங்காயும், வாடிப்பட்டி, மேலூர் தாலுகாக்களின் நெல்லும் பெரும்பாலும் வண்டியேறியே வெளியே செல்கின்றன. உரமும் விதையும் அவ்வாறே வண்டியேறி ஊருக்குள் வருகின்றன. இக்காரணத்தால் டீசல் பிக்கப் லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கு, அவ்வண்டி களஞ்சியத்துக்கு அடுத்த முக்கியமான சொத்தாகிறது.

வண்டியின் எஞ்சினைப் பற்றி அங்கத்தினர்கள் பேசுவதுண்டு. டயரைப் பற்றிப் பேசுவது அபூர்வம். ஆயினும் வண்டி முழுவதையும் தரையோடு சேர்ப்பவை நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, பாரத்தைத் தாங்குவது ஆகிய எல்லாக் காரியங்களும் இந்த நான்கு சிறு இடங்களின் வழியாகவே நடைபெறுகின்றன.

இருந்தும், டயர் தேய்ந்து மாற்றவேண்டிய காலம் வரும்போது, அளவு ஒத்தவற்றுள் விலை எது குறைவோ அதை வாங்கத் தீர்மானம் செய்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சாக்கு, கயிறு முதலியவற்றை வாங்கும் முறை டயருக்குப் பொருந்தாது. அளவு ஒன்றாயிருப்பதனால் மட்டும் இரண்டு டயர்கள் ஒன்றாகிவிடமாட்டா. இந்த ஒரு விஷயத்தை நிர்வாகக் குழுவினர் அறிந்துகொண்டால் சங்கத்தின் பணமும், வண்டியில் செல்லும் டிரைவர், சுமை தூக்குவோர் ஆகியோரின் உயிரும் காக்கப்படும்.

பழைய டயர் சொல்லும் செய்தி

புதிய டயர் வாங்குமுன், கழற்றப்போகும் பழைய டயரை நன்றாகப் பார்வையிடவேண்டும். அது தேய்ந்திருக்கும் விதமே வண்டியின் குறைகளை எடுத்துக்காட்டும். பட்டனின் இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பாகம் உயர்ந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓடியது அல்லது பாரம் அதிகமாக ஏற்றப்பட்டது என்று பொருள். நடுப்பாகம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர் சரியாக இல்லை. வீல் அலைன்மெண்டு பார்க்கவேண்டும். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ பேரிங்கோ கெட்டிருக்கலாம். சக்கரத்தின் சமநிலையையும் பார்க்கவேண்டும்.

இக்குறைகளை நீக்காமல் புதிய டயரை மாட்டினால், அதுவும் பழையதைப் போலவே காலத்துக்கு முன் தேய்ந்துவிடும். டயர் செய்தவர்மீது குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே மாற்று டயருக்காக ஒதுக்கும் தொகையிலேயே அலைன்மெண்டு, பாலன்ஸிங் ஆகியவற்றின் சிறு செலவையும் சேர்த்துக்கொள்வது முறை.

எப்போது மாற்றுவது என்பதற்கும் விதி உண்டு. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதி டயரின் நிலைமையைப் பற்றியது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் நீங்கலான மற்ற வண்டிகளுக்குப் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இதை அறிவதற்காகப் பட்டன்களின் இடையிலுள்ள பள்ளங்களில் சிறு ரப்பர் மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துக்களோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில், தேய்ந்த பட்டனால் நீரை ஒதுக்கித் தள்ள இயலாது. டயர் நீரின்மேல் வழுக்கிச் செல்லும். ஆகையால் மழைக்காலத்துக்கு முன்பே டயரைச் சோதித்துவிடுவது நல்லது.

பட்டன் நிறைய இருந்தும் மாற்றவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பக்கவாட்டில் வீக்கம் கண்டாலும், வெட்டுக்குள் நூலோ கம்பியோ தெரிந்தாலும், ரப்பர் வறண்டு வெடிப்புக்கள் காணப்பட்டாலும் அந்த டயரை நம்பி ஓட்டலாகாது.

டயரில் பொறித்துள்ள குறிகள்

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அதன் ஜாதகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரை வியாபாரி ஏமாற்றுவது கடினம். உதாரணமாக 215/75 ஆர் 15 என்ற அளவை எடுத்துக்கொள்ளலாம். இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. 75 என்பது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கவாட்டின் உயரம் என்பதைக் காட்டும். அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். ஆர் என்ற எழுத்து ரேடியல் வகையைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம். இது அங்குலக் கணக்கு. சில பிக்கப் வண்டிகளுக்கு 7.00 ஆர் 15 என்பது போன்ற அளவு இருக்கும். அதில் முதல் எண் அகலத்தை அங்குலத்தில் தெரிவிக்கிறது.

அளவுக்குப் பக்கத்தில் எல்.டி. என்ற எழுத்துக்கள் இருந்தால், அது இலகு லாரிக்காகச் செய்யப்பட்ட டயர் என்று பொருள். 8 பி.ஆர். என்பது போன்ற குறி டயர்க் கூட்டின் வலிமையைக் காட்டும். முற்காலத்தில் இவ்வெண் உள்ளே இருந்த துணி அடுக்குகளின் எண்ணிக்கையாக இருந்தது. இக்காலத்தில் அது வலிமையின் அளவுகோல் மாத்திரமே. இதற்கப்பால் 106/103 என் என்பது போல இரண்டு எண்களும் ஓர் எழுத்தும் காணப்படும். எண்கள் பாரத்தையும், எழுத்து வேகத்தையும் குறிக்கின்றன. முதல் எண் ஒரு பக்கத்தில் ஒரு டயர் மாட்டும் வண்டிக்கும், இரண்டாம் எண் ஒரு பக்கத்தில் இரட்டை டயர் மாட்டும் வண்டிக்கும் உரியவை. என் என்ற ஆங்கில எழுத்து மணிக்கு 140 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் காட்டும்.

டயர் செய்த தேதியும் அதிலேயே உண்டு. நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2325 என்று இருந்தால், அந்த டயர் 2025-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் மூப்படையும். தகரக் கொட்டகையில் இரண்டு மூன்று கோடைகளைக் கழித்த டயரைப் புதியது என்று வாங்குவது நஷ்டம். உபயோகத்திலிருக்கும் டயரை ஐந்து வருஷத்துக்குப் பின் வருஷந்தோறும் தேர்ந்தவரைக் கொண்டு பார்வையிடச் செய்யவேண்டும் என்பதும், பத்து வருஷம் ஆனபின் பட்டன் இருந்தாலும் நீக்கிவிடவேண்டும் என்பதும் டயர் செய்வோர் பலர் கூறும் யோசனை.

இவற்றுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தியாவில் விற்கப்படும் மோட்டார் டயர்களுக்கு இம்முத்திரை கட்டாயம் என்று 2009-ஆம் வருஷத்திய தரக்கட்டுப்பாட்டு உத்தரவு விதிக்கிறது.

பாரம் தாங்கும் சக்தி

மேலே கூறிய குறிகளுள் சங்கத்துக்கு மிக முக்கியமானது பாரக் குறியெண். 100 என்ற எண் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். 102 என்றால் 850 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு பிக்கப் வண்டியில் முழுப் பாரம் ஏற்றியபின் பின் அச்சின்மீது 1,800 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அச்சில் டயர்கள் இரண்டு. குறியெண் 106 உடைய டயர்களை மாட்டினால் இரண்டும் சேர்ந்து 1,900 கிலோ தாங்கும். பாரம் அதற்குள் அடங்குகிறது. குறியெண் 100 உடைய டயர்களை மாட்டினால் இரண்டும் சேர்ந்து 1,600 கிலோதான் தாங்கும். அங்கே 200 கிலோ அதிகமாகிவிடுகிறது. நெல்லை 40 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் இது ஐந்து சிப்பத்தின் எடை. கண்ணுக்கு ஐந்து சிப்பம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தன் சக்திக்கு மேல் அழுந்தி வளைந்து, உள்ளே சூடேறிக்கொண்டே போகிறது.

இத்தவறு எளிதில் நேரக்கூடியது என்பதைக் குழுவினர் கவனிக்கவேண்டும். 215/75 ஆர் 15 என்ற அளவில் லாரிக்கான டயரும் உண்டு. பயணிகள் செல்லும் ஜீப் வகை வண்டிக்கான டயரும் உண்டு. இரண்டும் ஒரே ரிம்மில் ஏறி உட்காரும். பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பயணி வண்டி டயரின் குறியெண் 100-ஐ ஒட்டி இருக்கக்கூடும். விலையும் சற்றுக் குறைவாக இருக்கலாம். அளவை மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்கும் சங்கத்துக்கு, குறைந்த விலையில் வந்து சேருவது இவ்வகை டயராகவே இருக்கக்கூடும். ஆகையால் விலை கேட்கும் கடிதத்தில் அளவு, எல்.டி. குறி, பி.ஆர். எண், பாரக் குறியெண், வேகக் குறி ஆகிய ஐந்தையும் எழுதவேண்டும். இவற்றை வண்டியுடன் கொடுத்த கையேட்டிலும், கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டிலும் காணலாம். அதில் குறித்ததற்குக் குறைந்த எண்ணுடைய டயரை எக்காரணத்தாலும் ஏற்கலாகாது.

அதே சமயத்தில், உயர்ந்த எண்ணுடைய டயரை மாட்டிவிட்டால் அதிக பாரம் ஏற்றலாம் என்று நினைப்பதும் தவறு. வில், பிரேக், அச்சு, ரிம் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடையே சட்டம் அனுமதிக்கும் எல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019-ஆம் வருஷம் செய்த திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், அதற்குமேல் அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அறுவடைக் காலத்தில் தத்தம் மூட்டைகளையும் அதே நடையில் ஏற்றிவிடும்படி அங்கத்தினர்கள் டிரைவரை வற்புறுத்துவதுண்டு. அது டிரைவருக்குச் செய்யும் அநியாயம். இன்னொரு நடைக்கு ஆகும் டீசல் செலவு, வெடித்த டயருக்கும் சாய்ந்த வண்டிக்கும் ஆகும் செலவைவிட மிகக் குறைவு.

பாதைக்கேற்ற பட்டன்

சங்கத்து வண்டி எந்தப் பாதையில் அதிகமாக ஓடுகிறது என்பதை ஓட்டப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்கவேண்டும். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ நாற்கரச் சாலையில் மதுரைக்கு வந்து திரும்பும் வண்டிக்கு, சுற்றுவாக்கில் நீண்ட கோடுகளாகப் பட்டன் அமைந்த டயரே ஏற்றது. அது எளிதில் உருளும், சூடு குறைவு, டீசலும் மிச்சமாகும். குறுக்கே பெரிய கட்டைகளாகப் பட்டன் அமைந்த டயர் சேற்றிலும் மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், இரைச்சலும் அதிகம்.

கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மழைக்குப் பின் மண் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். கண்மாய்க் கரைப் பாதைகளும் களத்துக்குச் செல்லும் வண்டிப்பாதைகளும் அவ்வாறே. இத்தகைய இடங்களில் தினந்தோறும் செல்லும் வண்டிக்கு முன்னால் நீள்கோட்டுப் பட்டனும், பின்னால் கோடும் கட்டையும் கலந்த பட்டனும் பொருந்தும். நூறு கிலோமீட்டரில் ஐந்து கிலோமீட்டர் மட்டும் மண்பாதை என்றால், அந்த ஐந்துக்காக மற்ற தொண்ணூற்றைந்திலும் நஷ்டப்படுவது விவேகமன்று.

ரேடியல் வகை, நைலான் எனப்படும் பழைய குறுக்கிழை வகை ஆகிய இரண்டும் இன்னும் வழக்கில் உள்ளன. ரேடியலில் இழைகள் ஓரத்துக்கு ஓரம் நேராகச் செல்ல, பட்டனுக்கு அடியில் உருக்குக் கம்பிப் பட்டை சுற்றப்பட்டிருக்கிறது. அதனால் பட்டன் தரையில் நன்கு படிந்து, சூடும் தேய்மானமும் குறைகின்றன. குறுக்கிழை டயரின் பக்கவாட்டு தடித்தது. கல்லில் உரசுவதைச் சற்று நன்றாகத் தாங்கும். எதை வாங்கினாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் மாட்டலாகாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயர்களை எப்போதும் அச்சுக்கு இரண்டாக, ஒரே வகை, ஒரே பட்டனாகவே மாற்றவேண்டும். இரண்டு மட்டும் வாங்க முடியுமானால், முன் டயர்கள் நல்ல நிலையிலிருக்கும் பட்சத்தில், புதியவற்றைப் பின் அச்சில் மாட்டுவது உத்தமம். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம்.

பஞ்சர் இச்சமவெளியில் பழைய தொல்லை. மதுரையில் 1912-இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், மாட்டு லாடங்களிலிருந்து ரோட்டில் விழும் ஆணிகளைப் பொறுக்குவதற்குக் காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டார் என்று மோட்டார் தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. இக்காலத்தில் லாட ஆணி குறைந்துவிட்டது; அதன் இடத்தைச் சீமைக் கருவேல முள் பிடித்துக்கொண்டது. டியூப் உள்ள டயரில் முள் தைத்தால் காற்று விரைவில் இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரில் பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். டிரைவருக்கு வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். ஆனால் டியூப் இல்லாத டயருக்கு அதற்கென்று செய்த ரிம் வேண்டும். ரிம் வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் காற்று நில்லாது. ஆகவே வண்டியின் ரிம் எவ்வகை என்பதை முதலில் தெரிந்துகொண்டு டயரைத் தீர்மானிக்கவேண்டும். டியூப் வகையானால் புதிய டயருக்குப் புதிய டியூபே போடவேண்டும். பல ஒட்டுப் போட்ட பழைய டியூபை உள்ளே வைப்பது சிக்கனமாகாது. ஸ்டெப்னி டயரும் அதே அளவும் அதே வலிமையும் உடையதாக இருக்கவேண்டும்.

கோடையும் காற்றும்

சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் பகல் உஷ்ணம் 40 டிகிரியை ஒட்டிச் செல்கிறது. தார் ரோட்டின் மேற்பரப்பு அதைவிட வெகு அதிகமாகக் கொதிக்கும். டயர் வெடிப்பதற்கு வெயிலையே காரணமாகச் சொல்வது வழக்கம். மெய்யில், வெயில் துணைக் காரணம். மூல காரணம் குறைந்த காற்றும் மிகுந்த பாரமும் ஆகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரிகிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் அது சூடாவது போல, டயரின் உட்கூடும் சூடேறுகிறது. அச்சூடு எல்லை கடந்தால் ரப்பருக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது; டயர் கிழிகிறது.

கோடையில் வெடித்துவிடும் என்று அஞ்சிச் சிலர் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். இது நேர்மாறான பலனைத் தரும். காற்றின் அளவை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறியபின் அழுத்தம் தானாகச் சற்று உயரும், அது இயல்பே. அப்போது காற்றைத் திறந்துவிடலாகாது. பாரத்துடன் செல்லும் பிக்கப் வண்டிக்குப் பின் டயரின் அழுத்தம் முன் டயரைவிட அதிகமாகக் குறிக்கப்பட்டிருப்பது சாதாரணம். கையேட்டில் கண்ட இரண்டு அளவுகளையும் வண்டிக்குள் எழுதி ஒட்டிவைக்கலாம். அழுத்தமானி ஒன்றைச் சங்கமே வாங்கி டிரைவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டெப்னி உள்பட ஐந்து டயரையும் பார்க்கச் செய்வது உத்தமம். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனையாகாது.

ரீட்ரெட் செய்த டயர்

மதுரைக்கும் டயர் ரீட்ரெடிங் தொழிலுக்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு. 1942-இல் மலேயா ஜப்பானியர் வசப்பட்டபோது உலகத்து ரப்பர் வரத்தில் பெரும்பங்கு நேச நாடுகளுக்கு நின்றுபோயிற்று. இந்தியாவில் டயருக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய டயருக்கு மறுபடியும் பட்டன் ஏற்றி உழைக்கச் செய்யும் தொழில் அக்காலத்தில் அவசியமாயிற்று. சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தார் மதுரையில் இத்தொழிலை 1940-களில் தொடங்கினர்.

நல்ல கூடும் தேர்ந்த வேலையும் சேர்ந்தால் ரீட்ரெட் டயர் புதியதைவிடக் குறைந்த செலவில் நல்ல உழைப்பைத் தரும். கனரக லாரி, பஸ்களில் இது பெருவழக்கு. ஆனால் சிறிய பிக்கப் டயருக்கு இது எப்போதும் லாபமென்று சொல்வதற்கில்லை. புதிய டயரின் விலைக்கும் ரீட்ரெட் கூலிக்கும் உள்ள வித்தியாசம் குறுகியதாக இருக்கலாம். முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் மாட்டாதிருப்பதே பத்திரம். பின் சக்கரத்துக்குச் செய்வதாயினும், சங்கத்தின் சொந்த டயருக்கே செய்யவேண்டும். காற்றில்லாமல் ஓடியதும், பக்கவாட்டில் வெட்டுண்டதும், வயது முதிர்ந்ததும் இதற்கு உதவா. யாரோ ஓட்டிக் கழித்த டயருக்குப் பட்டன் ஏற்றிக் கடையில் விற்பதை வாங்கினால், அதன் உள்நிலை வாங்குபவருக்குத் தெரியாது.

விலையும் செலவும்

டயரின் விலை வேறு. டயரினால் ஆகும் செலவு வேறு. கணக்கு விளங்குவதற்காக இரண்டு தொகைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு டயரின் விலை 5,600 ரூபாய். அது 28,000 கிலோமீட்டர் உழைக்கிறது. கிலோமீட்டருக்கு 20 பைசா. மற்றொன்றின் விலை 7,200 ரூபாய். அது 48,000 கிலோமீட்டர் உழைக்கிறது. கிலோமீட்டருக்கு 15 பைசா. நான்கு டயருக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 20 பைசா வித்தியாசம். வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இது 4,000 ரூபாய். விலை உயர்ந்ததாகத் தோன்றிய டயரே இங்கு மலிவானது.

இக்கணக்கைச் செய்ய, முன் வாங்கிய டயர்கள் எத்தனை கிலோமீட்டர் உழைத்தன என்பது தெரிந்திருக்கவேண்டும். பல சங்கங்களில் அந்த விவரம் எழுதப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வியாபாரியின் வாக்கையே நம்பவேண்டி நேரிடுகிறது. ஒரு நோட்டில் டயரின் வரிசை எண், மாட்டிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், இடம் மாற்றிய தேதி, கழற்றியபோது இருந்த கிலோமீட்டர், கழற்றிய காரணம் ஆகியவற்றை எழுதிவந்தால், இரண்டாம் முறை வாங்கும்போது சங்கத்துக்குச் சொந்த அனுபவமே வழிகாட்டும்.

டீசல் செலவையும் இத்துடன் சேர்க்கவேண்டும். டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதில் எஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கு வீணாகிறது. மத்திய அரசு 2022-ஆம் வருஷத்தில் வெளியிட்ட திருத்தத்தின்படி, கார், இலகு லாரி, கனரக லாரி ஆகியவற்றின் டயர்களுக்கு உருளும் தடை, ஈர ரோட்டில் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றிலும் எல்லைகள் விதிக்கப்பட்டுள்ளன. விலைப்புள்ளி தருபவரிடம் இவ்விவரங்களைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பழைய பில்லுடன் புதிய விலையை ஒப்பிடும்போது, புதிய டயர்மீதான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நிர்வாகக் குழுவினர் செய்யவேண்டியவை

1. டயர் தேய்மானக் குறியைத் தொடுமுன்பே தீர்மானம் செய்து, நிதானமாக விலை விசாரிக்கவேண்டும். வண்டி நின்றபின் அவசரத்தில் வாங்குவது நஷ்டம்.

2. டிரைவரைக் கூட்டத்துக்கு அழைத்து, பாதை, பாரம், பஞ்சர், பிரேக் பிடிப்பு ஆகியவை பற்றி அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். டயரின் குணத்தை நாள்தோறும் உணர்பவர் அவரே.

3. வண்டித் தகட்டில் கண்ட எல்லாக் குறிகளையும் எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விலைப்புள்ளி பெறவேண்டும்.

4. டயர் வந்து சேர்ந்ததும் குறிகள், செய்த வாரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவற்றை இரு உறுப்பினர் நேரில் பார்த்துக் கையெழுத்திடவேண்டும்.

5. வரிசை எண்கள் குறிக்கப்பட்ட பில்லும் உத்தரவாதச் சீட்டும் பெறவேண்டும். அவை தணிக்கைக்கும், டயரில் குறை கண்டால் மாற்றிப் பெறுவதற்கும் உதவும்.

6. பழைய டயர்களை விலைக்குக் கொடுத்தால் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவேண்டும். அவற்றைக் கொளுத்தினால் நச்சுப் புகை உண்டாகும். திறந்த வெளியில் போட்டுவைத்தால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

இவற்றுள் எதற்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டைப் படிக்கும் பழக்கமும், ஒரு நோட்டும், ஓர் அழுத்தமானியும் போதும். சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதில் வாங்கும் டயர்மீது அவர்களுடைய விளைச்சல் மட்டுமின்றி, இருட்டில் புறப்பட்டு விடியுமுன் சந்தை சேரவேண்டிய மனிதர்களும் செல்கிறார்கள். அளவும் விலையும் பார்ப்பதோடு நில்லாமல், அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்கும் ஓர் உறுப்பினராவது ஒவ்வொரு குழுவிலும் இருப்பாராயின், சங்கத்து வண்டி நெடுங்காலம் பத்திரமாக ஓடும்.